தன் மணியை மட்டும் எடுத்தவன்

 

போகபூமி மறைந்து கருமபூமி தோன்றிய காலத்தில், மக்கள் உயிர் வாழ்தற்குரிய ஆறு தொழில்களை ஆதிபகவனாகிய விருஷப தீர்த்தங்கரர் வகுத்தருளினார் என்பது நம் புராணங்கள் கூறும் செய்தி. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. இவற்றுள் கிருஷியாகிய உழவே நம் முன்னோரிற் பெரும்பாலோர்க்கு வாழ்வளித்தது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் ஏர் பிடித்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் கணிப்பொறித் துறையில் பணிபுரிகின்றனர். அவர்களிற் சிலர் மாத ஊதியத்தோடு அமையாமல் சொந்தமாக ஒரு நிறுவனம் காண விழைகின்றனர். ‘ஸ்டார்ட்அப்’ என்று வழங்கப்பெறும் இத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கமளிக்க இந்திய அரசும் 2016 ஆம் ஆண்டு சனவரியில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. முயற்சி நன்று, வாணிகம் தீர்த்தங்கரர் வகுத்த தொழில்களுள் ஒன்று. அதனைச் செய்யும் முறையில்தான் அறமும் மறமும் பிரிகின்றன.

புதிய நிறுவனத்துக்கு முதல் வேண்டும். கைம்முதல் இல்லாதவர் முதலீட்டாளரை நாடுவர். அவர்முன் வைப்பதற்கென்று ஒரு விளக்கத் தாள்தொகுதியைத் தயாரிப்பர். இதற்குப் ‘பிட்ச் டெக்’ என்று பெயர். எந்தக் குறையைத் தீர்க்க வந்தோம், எவ்வாறு தீர்க்கிறோம், வாங்குவோர் யாவர், சந்தை எவ்வளவு, போட்டியாளர் எவர், இதுவரை ஈட்டியது என்ன, இனி ஈட்டப் போவது என்ன, எவ்வளவு பணம் வேண்டும் என்பவற்றைப் பத்துப் பதினைந்து ‘ஸ்லைடு’களில் அடக்கிக் கூறுவது அது. பத்து ஸ்லைடுகள், இருபது நிமிடங்கள், முப்பது புள்ளிக்குக் குறையாத எழுத்து என்று 2005 ஆம் ஆண்டில் அமெரிக்கரான கை கவாசாகி ஓர் அளவு கூறினார்; அது இன்றும் பலரால் எடுத்தாளப்படுகிறது.

பத்துத் தாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்கும் அந்த இடத்தில்தான் மாயை என்னும் கஷாயம் மெல்ல நுழைகிறது. நெல் மூட்டையின் வாயில் நல்ல மணியும் அடியில் பதரும் வைத்துத் தைத்துக் கமிட்டிக்கு ஏற்றி அனுப்புபவனை நம் ஊரில் எவரும் மதிப்பதில்லை. அதே செயலைக் கணிப்பொறித் திரையில் வண்ணப் படமாகச் செய்தால் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஆசாரியர் உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் சத்திய அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தைப் பழுதாக்கும் குற்றங்களை, எண்ணிக் காட்டுகிறார். மித்தியோபதேசம், ரகோப்யாக்கியானம், கூடலேகக்கிரியை, நியாசாபகாரம், சாகாரமந்திரபேதம் என்பன அவை. தவறான வழியைக் கற்பித்தல், மறைபொருளை வெளியிடுதல், பொய்ப் பத்திரம் எழுதுதல், அடைக்கலப் பொருளை அபகரித்தல், குறிப்பால் அறிந்த பிறர் எண்ணத்தை வெளிப்படுத்தல் என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் எண்ணும் ஐந்து சிறிது வேறுபடினும், பொய் எழுத்தும் அடைக்கல அபகாரமும் அவரது நிரலிலும் உள்ளன. வாயால் சொல்லும் பொய்யை மட்டும் குற்றமென நினைப்பவர் இதனை நோக்குக. எழுத்தில் செய்யும் பொய்யைத் தனியே பிரித்து நம் ஆசாரியர்கள் எச்சரித்திருக்கின்றனர். பிட்ச் டெக் என்பது ஒரு லேகம். அதில் மெய்யல்லாதது ஏறினால் அது கூடலேகம். எழுதும் கருவி மாறியதனால் குற்றத்தின் பெயர் மாறாது.

வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணத்தில் வரும் பத்திரமித்திரன் வரலாறு நம் இல்லங்களிற் பலரும் கேட்டதே. இவ்வணிகன் இரத்தினத் தீவு சென்று அரிதின் ஈட்டிய மணிகளைச் சிம்மபுரத்து அமைச்சனான சிரீபூதியிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். உண்மையே பேசுபவன் என்று ஊரார் நம்பியமையால் சத்தியகோஷன் என்ற பெயர் பெற்றிருந்தவன் அவ்வமைச்சன். வணிகன் மீண்டு வந்து கேட்டபோது, உன்னை யான் அறியேன் என்று மறுத்துவிட்டான். வணிகன் அரண்மனைக்கு அருகே ஒரு மரத்தின்மீதேறி நாள்தோறும் முறையிட்டான். பித்தன் என்றார் சிலர். அரசி இராமதத்தை ஒருத்தியே அவன் சொல் நாள்தோறும் மாறாதிருத்தலைக் கவனித்தாள். சூதாட்டத்தில் அமைச்சனின் மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளமாகக் காட்டி மணிகளை வரவழைத்தாள்.

மணி கிடைத்தவுடன் அரசன் அதனை வணிகனிடம் அப்படியே கொடுத்துவிடவில்லை. தன் கருவூலத்து உயர்ந்த மணிகள் பலவற்றை அவற்றோடு கலந்து, உன்னுடையவற்றை எடுத்துக்கொள் என்றான். பத்திரமித்திரன் தன் மணிகளை மட்டும் பிரித்தெடுத்து மற்றவற்றைத் தொடாது விட்டான். அந்நேரத்தில்தான் அவன் மெய்யன் என்பது ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

முதலீடு நாடும் இளைஞருக்கு நேரும் சோதனையும் இதுவே. நம் முன் கலந்து கிடக்கும் மணிகள் பல. நம் சாதனை சில, பிறர் சாதனை சில, நடந்தது சில, நடக்கலாம் என்று நாம் நம்புவது சில. எல்லாவற்றையும் அள்ளித் தன் பெட்டியில் இட்டுக்கொள்பவன் சத்தியகோஷன் வழியிற் செல்கிறான்.

இது வெறும் புராணக் கதையோ என்று எண்ணுவார்க்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டினைக் கூறுகிறேன். அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்னும் பெண்மணி 2003 ஆம் ஆண்டில் தெரனோஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில துளிக் குருதியைக் கொண்டே பலவகைச் சோதனைகள் செய்யலாம் என்பது அவர் கூற்று. 70 கோடி டாலருக்கும் மேற்பட்ட முதலீடு வந்து குவிந்தது. அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 2018 ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கின்படி, 2014 ஆம் ஆண்டின் வருவாய் 10 கோடி டாலரைக் கடக்கும் என்று முதலீட்டாளரிடம் கூறப்பட்டது. உண்மையில் வந்தது ஏறத்தாழ 1 இலட்சம் டாலர். தம் நிறுவனத்தின் அறிக்கைகளில் ஃபைசர் முதலிய பெரிய மருந்து நிறுவனங்களின் சின்னங்களைத் தாமே பொறித்ததாக 2021 ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் ஹோம்ஸ் ஒப்புக்கொண்டார். படித்தவர் அவ்வறிக்கைகள் அந்நிறுவனங்களே அளித்த நற்சான்று என்று கொண்டனர். இதனினும் தெளிவான கூடலேகம் வேறு உண்டோ? 2022 ஆம் ஆண்டு சனவரியில் முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் 11 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டாவது, ஃபிராங்க் என்னும் நிறுவனம். மாணவர் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கத் துணை செய்வது அதன் தொழில். அதனை 2021 ஆம் ஆண்டில் ஜேபி மார்கன் சேஸ் வங்கி 17.5 கோடி டாலருக்கு வாங்கிற்று. பயன்படுத்துவோர் 42 இலட்சத்துக்கும் மேல் என்று காட்டப்பட்டது. இருந்தவர் ஏறத்தாழ 3 இலட்சம். பெயர்ப் பட்டியலைக் கேட்டபோது, இல்லாத மாணவரின் விவரங்களைச் செயற்கையாக உருவாக்கித் தந்தனர். போலியை மெய்ப்பொருளாக விற்கும் இச்செயலையே பிரதிரூபக வியவகாரம் என்று கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக உமாசுவாமி வைத்தார். நிறுவனர் சார்லி ஜாவிஸ் 2025 ஆம் ஆண்டில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்று, 7 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றார். இதில் நம் இளைஞர் நினைவில் கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. அப்பொய்ப் பட்டியலை முதலில் உருவாக்கச் சொல்லிக் கேட்கப்பெற்ற அந்நிறுவனத்துப் பொறியாளர் மறுத்துவிட்டார் என்பது வழக்கில் சாட்சியமாகப் பதிவாயிற்று. நிறுவனராக இல்லாமல் ஊழியராக இருப்பவர்க்கும் விரதம் காக்கும் வாய்ப்பு வருகிறது. அவ்வாய்ப்பு பெரும்பாலும் ஒருமுறைதான் வருகிறது.

இங்கே இளைஞர் ஒரு கேள்வி எழுப்புவர். “எல்லோரும் மிகைப்படுத்தியே கூறுகின்றனர். முதலீட்டாளரும் பாதியைக் கழித்துக்கொண்டே கேட்கின்றனர். நாம் மட்டும் உள்ளது உள்ளபடி சொன்னால் நம்முடையதும் பாதியாகக் கழிக்கப்படுமே” என்பர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அக்கழிவை உண்டாக்கியவர் யார்? பதர் கலந்தவர்கள். கலப்படம் மிகுந்த சந்தையில் நல்ல நெல் கொண்டு வந்த உழவனுக்கும் விலை குறைகிறது. நாம் ஒரு பொய்யைச் சேர்க்கும்போது, அடுத்து அதே அறையினுள் நுழையப் போகும் நேர்மையாளன் ஒருவனின் வாயிலிருந்து கவளத்தைப் பறிக்கிறோம். ஆசாரியர் அமிருதசந்திரர் பொய், களவு முதலியன யாவும் இம்சையின் வகைகளே என்று விளக்கியதன் உட்பொருள் இத்தகைய இடங்களில் நன்கு புலப்படும்.

முதலீட்டாளர் பெருஞ்செல்வர்தானே, அவருக்கு என்ன நட்டம் என்பாரும் உளர். பெரிய முதலீட்டு நிதியங்களில் ஓய்வூதிய நிதியும் பல்கலைக்கழக அறக்கட்டளைப் பணமும் கலந்திருக்கின்றன. நம் எண்களை நம்பி, இருந்த வேலையை விட்டு நம்மிடம் சேரும் ஊழியரும் இருக்கின்றனர். தெரனோஸ் வரலாற்றில் நோயாளிகளும் இருந்தனர். அந்நிறுவனம் தன் கருவிகள் இரண்டு ஆண்டுகளில் தந்த சோதனை முடிவுகளைச் செல்லாதவை என்று 2016 ஆம் ஆண்டில் அறிவிக்க நேர்ந்தது. அம்முடிவுகளை நம்பி மருந்துண்டவர் எவ்வளவு அஞ்சியிருப்பர்? தாளில் எழுதிய பொய் ஓர் உயிரின் உடலைச் சென்று தொடுவது இவ்வாறு.

இனி, நடைமுறையில் எவ்வாறு எழுதுவது? ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். நம் குலப்பெண் ஒருத்தி, நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்து உழவர்க்கு அளிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 40 கருவிகள் வெளியே சென்றுள்ளன. அவற்றுள் 12 விலைக்கு விற்றவை. 21 சோதித்துப் பார்க்க இலவசமாகத் தந்தவை. 7 திரும்பி வந்துவிட்டவை. “40 உழவர்கள் நம் கருவியைப் பெற்றுள்ளனர்” என்று ஒரு ஸ்லைடில் எழுதினால் அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. எனினும் படிப்பவர் மனத்தில் தோன்றுவது 40 வாடிக்கையாளர் என்னும் பொய்யே. சொல் மெய்யாயினும் விளைவு பொய்யாயின் அது மாயை. மனம், மொழி, மெய் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்பதே ஆர்ஜவம். தசலட்சண தருமங்களுள் மூன்றாவதாக அதனை ஆண்டுதோறும் போற்றுகிறோம். அப்பெண் எழுத வேண்டியது இது: “40 கருவிகள் அளித்தோம். 12 பேர் விலை கொடுத்தனர். 21 பேர் இலவசமாகச் சோதித்து வருகின்றனர். 7 திரும்பின, அவற்றுள் 5 ஈரம் மிகுந்த நெல்லைப் பிழையாக அளந்தன. அப்பிழையைத் திருத்தவே இம்முதலீட்டில் ஒரு பகுதி வேண்டும்.” அறிவுள்ள முதலீட்டாளர் இதனைப் படித்தால், தன் பொருளின் குறையைத் தானே அறிந்தவள் இவள் என்று கொள்வார். பணம் எதற்கு என்பதும் தானே விளங்கிவிடும்.

வருவாயைக் கூறுமிடத்தும் இக்கவனம் வேண்டும். 10 இலட்ச ரூபாய்க்குக் காய்கறி நம் செயலி வழியே விற்பனையாகி, நமக்குக் கிடைத்த தரகு 80,000 ரூபாய் எனின், நம் வருவாய் 80,000 ரூபாயே. 10 இலட்சத்தை வருவாய் என்று எழுதுவது பிறன் மணியைத் தன் பெட்டியில் இடுவதாகும். வாங்க விருப்பம் என்று ஒருவர் கொடுத்த கடிதம் ஒப்பந்தம் ஆகாது. ஒப்பந்தம் கைக்கு வந்த பணம் ஆகாது. மூன்றையும் மூன்றாகவே காட்டுக. தொடக்கம் முதல் இன்றுவரை சேர்ந்தோரைக் கூட்டிக் கூட்டி வரையும் கோடு என்றும் மேல்நோக்கியே செல்லும். விலகிப் போனவர் அதில் தெரிய மாட்டார். ஆதலின் மாதந்தோறும் சேர்ந்தவர், நிலைத்தவர், விலகியவர் என்று பிரித்துக் காட்டுக. வரைபடத்தின் அடியைப் பூச்சியத்தில் தொடங்காமல் வெட்டி, சிறு வளர்ச்சியை மலையாகக் காட்டற்க. எமக்குப் போட்டியே இல்லை என்று எழுதற்க. ஈரத்தைப் பல்லால் கடித்துப் பார்க்கும் உழவனின் பழக்கமும் ஒரு போட்டியே. ஒருமுறை சந்தித்துப் பேசிய பெரியவரின் படத்தை அவர் இசைவின்றி ஆலோசகர் என்று அச்சிடற்க. இயங்கும் வசதியையும் இனிச் செய்யவிருக்கும் வசதியையும் ஒரே பட்டியலில் கலவற்க.

எதிர்காலத்தைப் பற்றி எழுதுவது எங்ஙனம்? மூன்றாண்டில் இவ்வளவு வருவாய் என்று எழுதச் சொல்கின்றனரே, நடக்காததை எழுதுவது பொய்யன்றோ என்று அஞ்ச வேண்டா. இதற்கு நம் சமயமே வழிகாட்டியிருக்கிறது. சியாத்வாதம் என்பது ஒரு கூற்றை அது பொருந்தும் நிலையோடு சேர்த்துக் கூறும் நெறி. “கருவியின் விலை 4,500 ரூபாயாக நிலைத்து, இலவசமாகச் சோதிப்போரில் பத்துக்கு மூவர் வாங்குவாராயின், இவ்வருவாய் வரும்” என்று எழுதினால் அது மெய். அந்நிபந்தனைகளை நீக்கிவிட்டு முடிவை மட்டும் எழுதினால் அது ஏகாந்தம். பத்துக்கு ஒருவர்தான் வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் அருகிலேயே எழுதுக. ஆயின் சியாத்வாதத்தை மழுப்பலுக்குப் போர்வையாக்கலாகாது. எண் தெரிந்த இடத்தில் எண்ணைச் சொல்லாது, ஒருவகையில் உண்டு ஒருவகையில் இல்லை என்று நழுவுவது அந்நெறிக்கு இழுக்கு.

மௌனத்தைப் பற்றியும் ஒரு சொல். நியாசாபகாரம் என்பதற்கு உரை கூறும் ஆசாரியர்கள் நுட்பமான ஒரு நிலையைக் காட்டுவர். அடைக்கலம் வைத்தவன் தான் வைத்த தொகையை மறந்து குறைத்துக் கேட்கிறான். வைத்திருப்பவன், ஆம், அவ்வாறே பெற்றுக்கொள் என்று இசைகிறான். அவன் புதிதாக ஒரு பொய்யும் புனையவில்லை. பிறனது அறியாமைக்கு உடன்பட்டான், அவ்வளவே. அதுவும் சத்திய விரதத்துக்குக் குற்றம். முதலீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டு, உங்களுக்கு 40 வாடிக்கையாளர் இருக்கிறார்களே, நன்று என்று மகிழும்போது, தலையசைத்து வாளாவிருப்பது இதுவே. அவ்விடத்திலேயே திருத்துக. மறுபுறம், மறைபொருளை வெளியிடுதலும் அதிசாரம் என்றோம். வாடிக்கையாளர் நம்பிச் சொன்ன கணக்கையும், பிறருடைய தொழில் மறைபொருளையும் முதலீட்டாளரை மகிழ்விக்க வெளியிடலாகாது. “பெயரைக் கூற அவர் இசைவு தரவில்லை” என்று எழுதுவதே போதுமானது. நம் குறையை மறைக்கக் கூடாது. பிறர் மறையைத் திறக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்ததே சத்திய அணுவிரதம்.

மெய் சொன்னால் பணம் தவறாது வரும் என்று யான் உறுதி கூறவில்லை. சில கதவுகள் மூடும். அமேசான் நிறுவனத்தை நிறுவிய ஜெஃப் பெசோஸ் 1995 ஆம் ஆண்டளவில் முதன்முதலாக உறவினரிடமும் பிறரிடமும் முதல் திரட்டியபோது, அப்பணம் முழுதும் போய்விட 70 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று சொல்லியே கேட்டதாகக் கூறியிருக்கிறார். பலர் மறுத்தனர், சிலர் கொடுத்தனர். கொடுத்தவர் கண் திறந்தே கொடுத்தனர். தொழில் தோற்றிருப்பினும் அவர்முன் தலைகுனிய வேண்டிய நிலை அவருக்கு வந்திராது. ஆர்ஜவம் உறுதியாகத் தரும் பயன் அது ஒன்றே. உமாசுவாமி மாயை முதலிய முள் இல்லாதவனையே விரதி என்றார். காலில் முள்ளோடு நெடுந்தூரம் நடக்க இயலாது. நிறுவனம் நடத்துவதோ நெடுந்தூரப் பயணம்.

பிழையாக எழுதிய தாள் முன்பே அனுப்பப்பட்டுவிட்டதென்றால்? ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் நமக்கு எதற்கு இருக்கின்றன? பணம் கைமாறுவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுக: இத்தாளில் இந்த எண் பிழை, சரியான எண் இது என்று. அக்கடிதம் எழுத ஒரு நாள் மனம் வருந்தும். எழுதாவிடின் பல்லாண்டு வருந்தும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். திருமண வீட்டிலும் ஆலய விழாவிலும், என் மகன் இத்தனை கோடி திரட்டினான் என்று பெருமை பேசுகிறோம். திரட்டிய பணம் ஈட்டிய பொருள் அன்று. பிறர் நம்மை நம்பிக் கையில் வைத்தது. அதனைச் செல்வமாகக் கொண்டாடும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, எண்ணைப் பெருக்கி எழுதும் ஆசை தானே வரும். எவ்வளவு கிடைத்தது என்று கேட்பதற்கு முன், என்ன எழுதிக் கேட்டாய், எமக்கு ஒருமுறை படித்துக் காட்டு என்று கேளுங்கள். கணிப்பொறி அறியாத பாட்டியும் கேட்டுப் பயன் செய்யலாம். 40 என்றாயே, எத்தனை பேர் காசு கொடுத்தார்கள் என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, பெரிய தணிக்கையாளர் கேட்பதற்கு நிகராகும். உறவினர்க்குள் முதலீடு கேட்கும்போது இக்கவனம் இருமடங்கு வேண்டும். உறவின்மீதுள்ள அன்பால் அவர் வினவாது கொடுப்பர். வினவாதவரிடம் தானே முன்வந்து இழப்பின் வாய்ப்பைக் கூறுவது கேட்பவரின் கடமை. வேண்டிய அளவே கேட்பதும் மிகுபொருள் விரும்பாமை விரதத்தின் ஒரு கூறு என அறிக.

இளஞ்செல்வங்களே! தாளை அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு ஸ்லைடையும் திறந்து வைத்து, இது என் மணியா என்று ஒருமுறை வினவுங்கள். ஆம் எனின் இருக்கட்டும். அரசனது மணி எனின், எவ்வளவு ஒளி வீசினும் தொடாது விடுங்கள். பத்திரமித்திரனுக்கு அன்று திரும்பக் கிடைத்தவை அவன் ஈட்டிய மணிகளே; அவை அவனுக்குப் போதுமானவையாக இருந்தன.

அனைவர்க்கும் தரும விருத்தி உண்டாகுக. வாழ்க ஜினதருமம்.